சந்தனம் பூசிய கெசட்டு

நம்ம அறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். "பெரியம்மா, இப்பதான் கண்ணாடித் தட்டு வந்திருச்சே. இன்னும் எதுக்கு இப்படிப் பயந்து பயந்து வேலை செய்யச் சொல்றீங்க?" நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன், வீடு தேடி வந்தும் கேட்கிறீர்கள். இதுவரை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். எனக்கு எழுத்து ஓடாது, நின்று நின்றுதான் வரும். நீங்களும் அவசரப்படாமல் வாசியுங்கள்.

பதுளை டவுனில், நாம் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் புடவைக் கடைக்கு மேல் இருக்கிற அந்த ஒற்றை அறையில் என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த கரப்பந்து, உதைபந்து, பொங்கலுக்கு விட்ட சைக்கிள் ஓட்டம், பள்ளிக்கூட ஓட்டப் போட்டி. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் போகிற போக்கில் எடுத்த வீடியோ கெசட்டுகள். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கயிறு இழுத்த பெண்களை எந்தப் பேப்பரும் படம் போட்டதில்லை. அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்கிறவள் நான்தான். நான் நின்ற வரைக்கும் எங்கள் தோட்டம் ஒரு அடி முன்னால் இழுபட்டுப் போனதில்லை. வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், படம் இருக்கிறது.

தட்டு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. உள்ளங்கை அகலக் கண்ணாடி. வெளிநாட்டில் ஒரு இடத்தில் அதற்குள் வெளிச்சத்தாலேயே எழுதித் தருகிறார்கள். நெருப்பில் போட்டாலும், மண்ணில் புதைத்தாலும் உள்ளே இருக்கிற படம் கெடாதாம். நம்ம மலை ஈரத்துக்கு அது பெரிய காரியம். நீங்கள் எல்லாரும் அதன் ஆயுசைத்தான் பேசுகிறீர்கள். நான் பயப்படுவது வேறு. அதில் எழுதினால் எழுதினதுதான். அழிக்க முடியாது, திருத்த முடியாது. கெசட்டில் பிழை வந்தால் அதுக்கு மேலேயே இன்னொரு தடவை பதிந்துகொள்வோம். தட்டில் அது நடக்காது. நாம் ஒரு பொய்யை வைத்தால் அந்தப் பொய்யும் கெடாமல் இருக்கும், நம்ம பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கிற வரைக்கும்.

பயம் என்றால் என்னவென்று எனக்குக் காட்டியவர் ஒரு வீடியோக் கடைக்காரர். பேர் வேண்டாம், சொல்வது அவருக்குப் பிடிக்காது. கொழுந்து எடுக்கிறதை விட்டுவிட்டு நான் அவர் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்த புதுசு. உதைபந்தில் ஜெயித்த பொடியன்மார் கப்பைத் தூக்கிக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு, தங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள். போட்ட கெசட்டைப் படம் ஓட்டுகிற டெக்கு விழுங்கிவிட்டது. கடை முழுக்கச் சத்தம். "இழுங்க அண்ணே, இழுங்க!" நான் பக்கத்தில் நின்றேன். என் கை தானாகப் போய் நாடாவைப் பிடித்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒன் கை கொழுந்துக் கை. பறிச்சுப் பழகினது. இங்க பறிக்கக் கூடாது, விடணும்" என்றார்.

பிறகு டெக்கை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அத்தனை பேர் கத்தலுக்கும் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த டெக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் திறந்தார். நாடா முழுசாக வந்தது. பொடியன்மார் போன பிறகு என்னிடம் சொன்னார்: "கை நடுங்குனா நிப்பாட்டிரு. நடுங்கலேன்னா அதுக்கும் முன்னாடியே நிப்பாட்டிரு." அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு நாடா அறுந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது பவளத்தின் கதைக்கு வருகிறேன். உங்களில் சுதாவுக்கு மட்டும் இது தெரியும், அவள்தான் அன்றைக்கு மெஷினில் இருந்தாள்.

ஐப்பசி மழை. தட்டில் எழுத வேண்டிய படங்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, வேனில் கொழும்புக்கு அனுப்புகிற நாள். அப்புத்தளைப் பக்கம் மண் இறங்குகிறது, எந்த நேரமும் ரோட்டை மூடிவிடுவார்கள் என்று சொல்லி டிரைவர் கீழே நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை அனுப்பினால்தான் தட்டு, அடுத்தது எப்போது என்று யாருக்கும் நிச்சயமில்லை. அந்த நேரத்தில் ஒருத்தி படியேறி வந்தாள், அவள்தான் பவளம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கையில் இருந்த பொட்டலம் மட்டும் நனையவில்லை. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுவோமே, தண்ணி இறங்காத அந்தப் படங்குத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"அக்கா, இங்கதானே பழைய கெசட்டக் கண்ணாடியில ஏத்துறீங்க?"

"ஆமா தங்கச்சி. ஒக்காருங்க."

"ஒக்கார வரல. எம்மவள கொண்டாந்திருக்கேன்."

சுதா எழும்பி, அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. பவளம் படங்கைப் பிரித்தாள். உள்ளே ஒரு வீடியோ கெசட். நடுவில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், ஓரமெல்லாம் விபூதி, காய்ந்துபோன பூவின் கறை. சூடம் காட்டிக் காட்டி மேல் பக்கம் கறுத்திருந்தது.

வருஷங்களுக்கு முன் அவள் இருந்த லயத்து வீடுகளின் மேல் மண் சரிந்தபோது அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் ஜெயந்தி படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வீடும் போனது, மகளும் போனாள், சுவரில் மாட்டியிருந்த படங்களும் போயின. மிச்சம் இந்தக் கெசட்தான். ஜெயந்தி சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூடத்து ஓட்டப் போட்டியில் ஓடியது. பூனாகலையில் இருக்கிற பவளத்தின் அண்ணன், அப்போதே ஒரு பிரதி வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்ததால் அது தப்பியது.

"ஃபர்ஸ்ட்டா வந்தா எம்புள்ள" என்றாள் பவளம். "அன்னிக்கு எனக்கு லீவு குடுக்கல, போய்ப் பாக்க முடியல. இன்னிவரைக்கும் பாத்ததில்ல. அண்ணன்கிட்ட போட்டுக் காட்டுன்னா, டெக்கு ஒடஞ்சிருச்சு, விடு, சாமியா வச்சுக் கும்புடுன்னுச்சு. கும்புட்டுக்கிட்டு வாரேன். இப்ப கண்ணு மங்கிக்கிட்டு வருது. நான் போயிட்டா இவள யாரு கும்புடுவா? கண்ணாடியில ஏத்திட்டா அழியாதுன்னாங்க."

எங்கள் ஆட்களில் செத்தவர்களின் படத்துக்குப் பொட்டு வைக்காத வீடு இல்லை. படம் இல்லாத வீட்டில் கெசட்டுக்கு வைக்கிறார்கள். அதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கெசட்டின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபோது அதன் விளைவு கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக வைத்த சந்தனம் தூளாகி, இடுக்கு வழியாக இறங்கி, ஈரத்தில் நாடாவோடு ஒட்டிப்போயிருந்தது. அதற்கு மேல் வெள்ளையாகப் பூஞ்சணம். துடைக்க முடிந்ததைத் துடைத்தேன். சுற்றுக்குள் இறங்கியிருந்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளதைச் சொன்னேன்.

"இத ஒரு தடவதான் ஓட்டலாம். ஓடுறப்ப சந்தனத் தூளு படத்தச் சொரண்டிக்கிட்டே போகும். அந்த ஒரு ஓட்டத்துல நாங்க புடிச்சிட்டோம்னா புடிச்சதுதான். தப்பிருச்சுன்னா இதுலயும் இருக்காது, எங்ககிட்டயும் இருக்காது."

"அப்ப இதுக்குள்ள?"

"வெறும் நாடாதான் மிஞ்சும்."

"ஓட்டாம இப்படியே வச்சிருந்தா?"

"பூஞ்சணம் தின்னுரும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளைகளா, அதை நான் மறக்கவில்லை. தன் மகளை நானே கொல்லப் போகிறேன் என்பதுபோல் பார்த்தாள். எழும்பிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கீழே ஹார்ன். நானா கடைக்குள் இருந்து டிரைவரை ஏசுவது கேட்டது: "டேய், ஒன் ஹார்ன் சத்தத்துல ஒரு மனுசி சீலை பாக்க வரமாட்டேங்குறா. யாவாரத்த நீயா வந்து செய்யப் போற?" சுதா என்னிடம், "பெரியம்மா, நேரம் போகுது, சும்மா ஆரம்பிச்சிரலாமே" என்றாள். வேணாம் என்று நான் தலையை ஆட்டிவிட்டேன். அது பவளத்தின் பிள்ளை, அவள்தான் சொல்ல வேண்டும். ரோடு மூடினால் மூடட்டும்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள்.

"ஓட்டுங்க. ஆனா ஓடுறப்ப நான் பாக்க மாட்டேன், எனக்கு நெஞ்சு தாங்காது. நானாவோட கடையில இருக்கேன். ஃபர்ஸ்ட்டா வாரது வந்ததும் கூப்புடுங்க."

நாடாவை வேறு சுத்தமான கெசட் கூட்டுக்கு மாற்றி, சுதா டெக்கில் போட்டாள். ஆரம்பத்தில் கொடியேற்றம், யாரோ பேசுகிறார், பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். கோடு கோடாக விழுந்தது, ஆனாலும் தெரிந்தது. பிறகு மெஷின் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. தகரத்தில் கல்லைத் தேய்க்கிற சத்தம். சுதாவின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது.

"கைய எடு" என்றேன்.

"கத்துது பெரியம்மா! அறுந்துரும்!"

"நின்னா ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா உரிஞ்சு வந்துரும். ஓடட்டும், விடு."

நிறுத்தச் சொல்லித்தான் அந்தக் கடைக்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு நிறுத்தாதே என்று நான் சொன்னேன். சரியா பிழையா என்று அந்த நேரம் எனக்குத் தெரியாது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். தெரியாமலேதான் சொல்ல வேண்டி வரும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டிய கைக்குள் நடுக்கம். மழை கூரையில் அடிக்கிறது, மெஷின் கத்துகிறது, அதற்கு நடுவில் ஒலிபெருக்கியில் யாரோ பேர்களை வாசிக்கிறார்கள். "மூணாவது கோடு, ஜெயந்தி."

வந்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால், ஒல்லியாக, ரெட்டைப் பின்னலோடு. கையில் என்ன என்று பார்த்தால், ஒரு சோடி செருப்பு. மற்றப் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கிறார்கள், இவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விசில் ஊதினார்கள். மான் மாதிரி ஓடினாள். பாதித் தூரம் வரைக்கும் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. சுதா தன்னை மறந்து, "ஓடு, ஓடு" என்றாள்.

அப்போது ஒரு செருப்பு கீழே விழுந்தது.

அவள் நின்றாள். திரும்பிப் போனாள். குனிந்து எடுத்தாள். எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி ஓடினாள். அதற்குள் அத்தனை பேரும் அவளைத் தாண்டிவிட்டார்கள். கடைசியாகத்தான் கோட்டைத் தொட்டாள். யார் முதல் என்று ஒலிபெருக்கியில் சொன்னது கீச்சுச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு ஓடிய பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சோப்புப் பெட்டி கொடுத்தார்கள். ஜெயந்தி அதை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு படம் வெள்ளையாகப் போனது.

நாடா அறுந்து போகவில்லை. ஆனால் டெக்கைத் துடைத்தபோது துணி முழுக்கப் பழுப்புத் தூள், நாடாவில் இருந்த படம்தான் அது. இனி அந்த ஓட்டம் சுதாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

கீழே ஹார்ன். சுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரியம்மா, முன்னால ஓடுற வரைக்கும் வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிரலாம். நாடாவும் போயிருச்சு. அந்தம்மாவுக்குக் கண்ணும் சரியில்ல. யாருக்குத் தெரியப் போகுது?"

அவளை ஏசாதீர்கள். அவள் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படியே செய்யலாம் என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் சூடம் காட்டிய தாய்க்கு, உன் பிள்ளை கடைசியாக வந்தாள் என்று காட்ட யாருக்கு மனசு வரும்? உண்மை தெரிந்த ஆட்களில் பாதிப் பேர் ஜெயந்தியோடு மண்ணுக்குள் போயிருப்பார்கள். மிச்சப் பேர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்கூடச் சொல்லவில்லை. நான் மட்டும் ஏன்?

"மொதலா வந்த புள்ள யாரு?" என்று சுதாவிடம் கேட்டேன்.

"பேரு கேக்கலையே."

"அவளுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பா. அதே தோட்டமோ என்னமோ. அவ இன்னிக்கு இருக்காளோ இல்லையோ. நீ வெட்டுறது ஜெயந்தி கடைசியா வந்தத மட்டும் இல்ல. அந்தப் புள்ள மொதலா வந்ததையும்தான். அதையும் சேத்து இல்லாம ஆக்கப் போறியா?"

சுதா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. படியிறங்கிப் போய்ப் பவளத்தைக் கூப்பிட வேண்டும். அந்தப் படிக்கட்டில் நான் இறங்கினது மாதிரி எந்த மலையிலும் பயந்து இறங்கினதில்லை. கால் வழுக்குமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். பவளம் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நானா கொடுத்த தேத்தண்ணி கையில் அப்படியே ஆறிப்போயிருந்தது.

"வந்துட்டாளா? ஃபர்ஸ்ட்டா?"

"தங்கச்சி, படம் கெடச்சிருச்சு. ஆனா நீங்க நெனச்ச மாதிரி இல்ல. பாக்கிறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

டம்ளரை வைத்தாள். "அவ இருக்காளா அதுல?"

"இருக்கா."

"என்ன செய்யிறா?"

"ஓடுறா."

"அப்பக் காட்டுங்க."

கம்ப்யூட்டருக்குக் கிட்டே, மூக்கு முட்டுகிற தூரத்தில் உட்கார வைத்தோம். சுதா ஓட விட்டாள். மகள் வந்ததும் பவளம் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விசில். ஓட்டம். செருப்பு விழுந்தது. திரும்பிப் போனது. கடைசியாக வந்தது. சோப்புப் பெட்டி. சிரிப்பு. வெள்ளை.

அவள் அசையவில்லை. என்ன காரியம் செய்துவிட்டோம், இத்தனை வருஷம் ஒரு தாய் கட்டிக்காத்த சாமியை ஒரு நொடியில் உடைத்துவிட்டோமே என்று நினைத்தேன். சுதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள் பவளம்.

போட்டோம். செருப்பு விழுந்த இடத்தில், "அந்தா" என்றாள். குரல் உடைந்தது. "புதுச் செருப்பு. தொலச்சிட்டு வந்தீன்னா தோல உரிச்சிருவேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அதான் எடுக்கப் போறா. எனக்குப் பயந்துக்கிட்டுப் போறா பாருங்க." முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன். அதற்குள் சோப்புப் பெட்டி வந்துவிட்டது. அவள் விரல்களுக்கு நடுவால் பார்த்தாள்.

"எல்லாருக்கும் குடுக்குறாங்க!" என்றாள்.

"ஆமா தங்கச்சி."

"கள்ளி! ஃபர்ஸ்ட்டுக்குக் குடுத்த பரிசுன்னு காட்டினா இந்தச் சோப்புப் பெட்டிய! ஃபர்ஸ்ட்டா வந்தா கோழிக் கறின்னு சொல்லியிருந்தேன். நம்பி, முட்டயிடுற கோழிய அடிச்சுக் கொழம்பு வச்சேன் அக்கா. காலு ரெண்டையும் அவதான் தின்னா. எனக்குக் கழுத்து!"

அழுகையோடேயே சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்றால், கீழேயிருந்து நானா, "மேல என்னா கலியாணமா?" என்று கேட்டார். சுதா அழுதுகொண்டே சிரிக்கிறாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"என்னான்னு போடட்டும் அம்மா?" என்று சுதா கேட்டாள். படத்தோடு ஒரு வரி எழுத வேண்டும், அதுவும் தட்டில் போகும், அதையும் பிறகு திருத்த முடியாது.

"ஜெயந்தி. பவளத்தோட மவ. செருப்பெடுக்கப் போயி கடைசியா வந்தா. அப்படியே போடு மகளே. மொதலா வந்த புள்ளையோட பேரு நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"இப்ப போடலேன்னா பொறகு போட முடியாதும்மா."

"அப்ப, மொதலா வந்த புள்ள பேரு தெரியல, அவ ஆத்தா வந்தா சொல்லுவான்னு போடு."

அப்படியே எழுதினோம். ஹார்ட் டிஸ்க்கை நானே வேனில் கொண்டுபோய் வைத்தேன். டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அவர் தாண்டின பிறகு ரோட்டை மூடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் போய்ச் சேர்ந்தார் என்று தெரிகிற வரைக்கும் நான் சோறு தின்னவில்லை.

தட்டு வந்தது மழையெல்லாம் விட்ட பிறகு. பவளத்துக்குச் சொல்லி அனுப்பினோம். வந்து, தட்டைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையே அக்கா."

"கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்கா."

"இனி அழியாதா?"

"அழியாது."

"கடைசியா வந்ததும்?"

"அதுவும்தான்."

பிறகு தன் இடுப்பு முடிச்சைத் தளர்த்தினாள். அதில் ஒரு சின்னச் சந்தன வில்லை இருப்பதை நான் கண்டேன். தட்டுக்கும் பொட்டு வைக்கப் போகிறாள். கண்ணாடிதானே, துடைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பவளம் முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தட்டை என் கையில் வைத்தாள்.

"வேணாம் அக்கா. பொய் சொல்லிக் கோழி தின்ன கழுதைக்குச் சந்தனம் ஒரு கேடா?"